வரவுப் பக்கம் இல்லாத நோட்டு

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக் கணக்கு எழுதினாள். மாதம் பிறந்ததும் அப்பா வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அதை அம்மா எடுத்துக்கொள்வாள். அன்றிலிருந்து பால், மளிகை, கறிகாய், கீரைக்காரம்மாவுக்குக் கொடுத்தது, எங்கள் பென்சிலுக்குக் கொடுத்தது என்று தினமும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போவார். பேனா நின்றால் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வர வேண்டும்.

"இதர செலவு பதினாலு ரூபான்னு போட்டிருக்கியே, இதரன்னா என்ன?"

"அதாங்க, சில்லறைச் செலவு."

நான் பெரியவளான பிறகு எனக்கு வாங்கிய நாப்கின் பாக்கெட்டின் விலை அது. அந்த வார்த்தையை அந்த நோட்டில் எழுத அம்மாவுக்குக் கூச்சம். அதனால் மாதாமாதம் நான் 'இதர' என்ற வரிக்குள் இருந்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. சிக்கனமான மனுஷன் என்று தெருவில் பேர். அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் எழுதும்போதுதான் அவருடைய கடைசிச் சம்பளம் எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரிந்தது. தாளில் இருந்த எண்ணை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு எதுவும் பேசவில்லை. அன்றிரவு பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். எல்லா நோட்டிலும் செலவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது. வரவு என்று ஒரு பக்கம் எங்கேயும் இல்லை.

இந்த நோட்டுகள் எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்த இடம் கொஞ்சம் விநோதமானது. நான் ஒரு மகளிர் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். இறுதியாண்டு மாணவிகளுடன் பாரீஸ் ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். 2015இல் உருவான அந்த ஒப்பந்தத்தின் 13ஆவது பிரிவு வெளிப்படைத்தன்மை பற்றியது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு கரியமில வாயுவும் மீத்தேனும் மற்ற பசுங்குடில் வாயுக்களும் வெளியிடுகிறது, அவற்றைக் குறைப்பதாகச் சொன்ன வாக்குறுதி என்ன ஆயிற்று, பணக்கார நாடுகள் எவ்வளவு உதவி கொடுத்தன, ஏழை நாடுகளுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் இரண்டாண்டுக்கு ஒரு முறை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வல்லுநர்கள் அதைப் பரிசீலிப்பார்கள். தண்டனை கிடையாது. ஒரு நாட்டின் இறையாண்மைக்குள் மூக்கை நுழைக்காத வகையில் இதெல்லாம் நடக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது.

ஒப்பந்தத்தில் நாடுகளை உண்மையாகக் கட்டுப்படுத்தும் சில விஷயங்களில் இது முக்கியமானது. எவ்வளவு குறைப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம். சொன்னதைச் செய்யாவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் என்ன செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். மொத்தக் கட்டடமும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: கணக்கு எழுதினால் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் நடத்தை மாறும்.

ஒரு மாணவி கேட்டாள்: "யார் யாருக்கு வெட்கப்படணும் மேடம்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

கணக்குக் கேட்பதும் கணக்குக் கொடுப்பதும் சமமானவர்களுக்கு இடையில் நடந்தால் அதற்குப் பெயர் நம்பிக்கை. சமமில்லாதவர்களுக்கு இடையில், ஒரே திசையில் மட்டும் நடந்தால் அதற்குப் பெயர் கண்காணிப்பு. இரண்டுக்கும் நோட்டு ஒன்றுதான், பேனா ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் "வெளிப்படைத்தன்மை நல்லதுதானே, அதை யார் மறுக்க முடியும்?" என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சட்டென்று தலையாட்ட வருவதில்லை.

காலநிலைப் பேச்சுவார்த்தையின் தொடக்க காலத்திலேயே இந்தச் சண்டை வந்துவிட்டது. 1990இல் வாஷிங்டனைச் சேர்ந்த உலக வள நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி புவியைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளுக்குள் பிரேசிலும் சீனாவும் இந்தியாவும் வந்துவிட்டன. அடுத்த ஆண்டு டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலில் அந்தக் கணக்கை வரிவரியாகப் பிரித்துப் போட்டார்கள். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி. அமெரிக்காவில் காரிலிருந்து வரும் புகையையும், இங்கே நெல் வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் வரும் மீத்தேனையும் ஒரே பட்டியலில் எப்படிக் கூட்டுகிறீர்கள்? ஒன்று ஆடம்பரத்துக்கான உமிழ்வு, மற்றது பிழைப்புக்கான உமிழ்வு. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் படம் முழுக்க மாறிவிடும்.

எண்ணே தப்பாக இருந்த கதையும் உண்டு. இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3.8 கோடி டன் அளவுக்கு மீத்தேன் வருவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. 1991இல் ஏ.பி. மித்ராவின் தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் பல மாநிலங்களின் வயல்களுக்கே போய் அளந்தார்கள். கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வயலில் இறங்காமல் எழுதிய கணக்குக்கும் இறங்கி எழுதிய கணக்குக்கும் இடையில் இவ்வளவு தூரம். அந்த வயல்களில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். உலகத்தைச் சூடாக்குபவர்கள் பட்டியலில் தங்கள் வேலையும் இருந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்து பணம். 2009இல் கோபன்ஹேகன் மாநாடு முறிந்துவிடும் போலிருந்த நேரத்தில், அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளிண்டன் ஓர் அறிவிப்பு செய்தார். 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தர அமெரிக்கா துணை நிற்கும், ஆனால் வளரும் பெரிய நாடுகள் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். சாமி படத்துக்கு முன்னால் பணம், ஞாயிற்றுக்கிழமை நோட்டு. சொன்னவர் ஒரு பெண் என்பதால் இதில் எதுவும் மாறவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நாற்காலி அதேதான்.

அந்தப் பணம் வந்ததா? பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி 2022இல்தான் அந்த இலக்கு முதல் முறையாக எட்டப்பட்டது, இரண்டாண்டு தாமதமாக, 11,590 கோடி டாலர் என்று. அதே ஆண்டுக்கு ஆக்ஸ்ஃபாம் போட்ட கணக்கில் உண்மையான மதிப்பு 2,800 முதல் 3,500 கோடி டாலர்தான். ஏன் இந்த வித்தியாசம்? பெரும்பகுதி கடன். வட்டியோடு திரும்பிப் போகிற பணத்தையும் உதவி என்று முழுசாக எழுதியிருந்தார்கள். 2015இல் இந்திய நிதி அமைச்சகமும் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டது. 2013, 2014 ஆண்டுகளுக்குச் சராசரியாக 5,700 கோடி டாலர் என்று ஓஇசிடி சொன்ன இடத்தில், நம்பத்தக்க எண் 220 கோடி டாலர்தான் என்றது அதன் ஆய்வறிக்கை. எதைக் காலநிலை நிதி என்று எழுதலாம் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறையே கிடையாது. 2023இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தேடிப் பார்த்தபோது, ஆசியாவில் திறந்த சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகளும் எகிப்தில் விமான நிலைய விரிவாக்கமும் வங்கதேசத்தில் ஒரு நிலக்கரி மின் நிலையமும் அந்தக் கணக்குக்குள் இருந்தன.

கொடுத்தவர் தன் கணக்கைத் தானே எழுதி, தானே டிக் அடித்துக்கொள்கிறார். வாங்குபவரின் கணக்கில்தான் பேனா நிற்கிறது. 2024இல் பாகூ மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற புதிய இலக்கு நிறைவேற்றப்பட்டதும் இந்தியத் தரப்பில் சாந்தினி ரெய்னா எழுந்து, இது வெறும் தோற்ற மாயை என்று சொன்னார். அந்தக் காணொளியை வகுப்பில் போட்டபோது மாணவிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதே மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவை முதலில் அறிவித்தபோது 28 பேரும் ஆண்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்த பிறகுதான் 12 பெண்களைச் சேர்த்தார்கள். அதையும் அன்று பேசினோம்.

இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். பணக்கார நாடு கணவன், ஏழை நாடு மனைவி, அநியாயம் தெரிந்துவிட்டது, கைதட்டல். ஆனால் அம்மாவின் நோட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகக் கணக்குக் கொடுத்தவள் ஆகமாட்டேன்.

அம்மாவிடம் சிறுவாடு இருந்தது. புளி நாலு ரூபாய் என்றால் ஐந்து என்று எழுதுவாள். அந்த ஒரு ரூபாய் உளுந்து டப்பாவின் அடியில் போகும். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் என் கல்லூரி விண்ணப்பத்துக்கும் முதல் பருவக் கட்டணத்துக்கும் கட்டினாள். "பொம்பளப் புள்ளைக்கு பிளஸ் டூ போதும்" என்று அப்பா முடிவு செய்திருந்த நேரம் அது. நான் இன்று பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பது பொய்க் கணக்கின் புண்ணியத்தில். சிறுவாடு தப்பா? எத்தனை முறை யோசித்தாலும் தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தன் கணக்கைக் காட்டாதவருக்கு முழுக் கணக்கையும் காட்டும் கடமை யாருக்கும் கிடையாது. பலவீனமானவருக்கு மறைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் அவர் முழுக்க அடுத்தவர் கையில்.

அப்படியானால் ஏழை நாடுகளும் கணக்கை மறைக்கலாமா? பாரீஸ் ஒப்பந்தம் வளரும் நாடுகளில் தேவைப்படுபவற்றுக்குச் சில சலுகைகள் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் குறைந்த விவரத்தோடு எழுதலாம், கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கலாம். வெகு ஏழை நாடுகளும் குட்டித் தீவு நாடுகளும் முடிந்தபோது கொடுத்தால் போதும். இது நியாயம்தான். கணக்கெடுக்கவே ஆள் இல்லாத நாடுகள் உண்டு. ஆனால் இந்தியா போன்ற நாட்டின் இடம் வேறு. புதிய முறைப்படியான முதல் அறிக்கைக்கு 2024 டிசம்பர் 31 கெடு. அதற்கு முந்தைய நாள் இந்தியா கொடுத்தது பழைய முறைப்படியான நான்காவது இருஆண்டுப் புதுப்பிப்பு அறிக்கை. அதில் இருந்த உமிழ்வுக் கணக்கு 2020ஆம் ஆண்டுக்கானது. 2019ஐ விட உமிழ்வு 7.93 சதவீதம் குறைந்திருந்ததாக அது சொன்னது. 2020 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சிறுவாட்டைச் சோதிக்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது: மறைத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அம்மா மறைத்த ரூபாய் வீட்டில் தனக்கும் கீழே இருந்தவளுக்கு, எனக்கு, வந்தது. ஒரு அரசு கணக்கை மறைத்தால் அது யாருக்குப் போகிறது? 2007இல் கிரீன்பீஸ் இந்தியா 'ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்வது' என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது கோடிக்கணக்கான ஏழைகள் எண்ணைக் கீழே இழுத்துவிடுகிறார்கள், அந்த நிழலில் பணக்கார இந்தியர்கள் சௌகரியமாக இருக்கிறார்கள் என்பது அதன் வாதம். அகர்வாலும் நாராயணும் வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்ட அதே கேள்வி, ஆடம்பரமா பிழைப்பா என்ற கேள்வி, வீட்டுக்குள்ளேயும் கேட்கத்தக்கது. நம் அரசு வெளியே மனைவி, வீட்டுக்குள் கணவன். வெளியே அதற்கு இழைக்கப்படும் அநியாயம் உண்மை. அந்த அநியாயத்தைக் காட்டி உள்ளே கணக்குக் கொடுக்காமல் தப்பிப்பதும் உண்மை.

வகுப்பில் இந்தியாவின் அறிக்கையை வாசித்தபோது, வறட்சி மாவட்டம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "எங்கம்மா ஊதுற அடுப்பு இதுல எங்க இருக்கு மேடம்?"

தேடினோம். விறகை எரித்தால் வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் எரிசக்திக் கணக்கில் சேர்கின்றன. கரியமில வாயு சேர்வதில்லை. மரம் திரும்ப வளர்ந்து அதை உறிஞ்சிக்கொள்ளும், நில மாற்றக் கணக்கில் அது வந்துவிடும் என்ற அனுமானத்தில் அதைத் தனிக் குறிப்பாக மட்டும் எழுதச் சொல்கிறது சர்வதேச வழிமுறை. சர்வதேச விமானங்களும் கப்பல்களும் எரிக்கும் எண்ணெயும் இதே போல மொத்தத்தில் சேராத தனிக் குறிப்புதான். ராணுவங்களின் கதை இன்னும் மோசம். ஐ.நா. சாசனப்படி பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ராணுவ நடவடிக்கைகளின் உமிழ்வை நாட்டின் மொத்தத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று 1997இல் கியோட்டோவிலேயே முடிவாகிவிட்டது. இன்றும் ராணுவ உமிழ்வைத் தனியாக எடுத்துக் காட்ட எந்த நாட்டுக்கும் கட்டாயம் இல்லை. அம்மாவின் அடுப்பும் போர் விமானமும் ஆளுக்கொரு காரணத்தால் 'இதர'வுக்குள் இருக்கின்றன. ஒன்றை எழுதக் கூச்சம், மற்றதை எழுத அதிகாரம் விடவில்லை.

அந்தப் பெண் விடவில்லை. "எங்க வீட்ல கேஸ் இருக்கு மேடம். சிலிண்டர் தீர்ந்தா வாங்கக் காசில்ல. அதனால அடுப்புதான்." 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் நம் அரசின் காலநிலை அறிக்கைகளில் சாதனையாக வரும். அங்கே முன்னால் நிற்பது இணைப்புகளின் எண்ணிக்கை. ஆனால் 2019இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இணைப்புப் பெற்று ஓராண்டு கடந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கினார்கள் என்றது. சமையல் பாதி அடுப்பில்தான் நடக்கிறது என்று அந்த எண்ணைப் பார்த்தாலே எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இணைப்பு என்பது வெளியாருக்குக் காட்டும் எண். மறு சிலிண்டர் என்பது அவளுடைய நுரையீரலின் எண். இரண்டும் பொய்யில்லை. எதை முதல் பக்கத்தில் போடுகிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது.

நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த மெரிலின் வாரிங் 1988இல் எழுதிய நூல் ஒன்று, நாடுகளின் வருமானக் கணக்கில் பெண்களின் ஊதியமற்ற உழைப்பு ஏன் வருவதே இல்லை என்று கேட்டது. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். காலநிலைக் கணக்கிலும் இதே ஓட்டை இருக்கிறது. நெல் வயலில் தண்ணீரைத் தேக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும். நல்ல விஷயம். ஆனால் நீர் தேங்காத வயலில் களை அதிகம் முளைக்கும். களையெடுப்பது யார்? குறைந்த மீத்தேன் அறிக்கையில் ஏறும். கூடுதலாக வளைந்த முதுகு எந்த வரியிலும் ஏறாது.

உடனே "எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள்" என்று சொல்லிவிட முடியுமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. எண்ணப்படுவதும் ஒரு வகையில் பிடிபடுவதுதான். புகை குறைந்த அடுப்பைப் பெண்களுக்குக் கொடுத்து, அவர்கள் மிச்சப்படுத்திய விறகைக் கார்பன் வரவாக மாற்றி நிறுவனங்களுக்கு விற்கும் சந்தை ஒன்று நடக்கிறது. அந்தத் திட்டங்கள் உண்மையான பலனைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு வரவை எழுதிக்கொண்டன என்று 2024இல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பெண்களின் சமையலறை எண்ணப்பட்டுவிட்டது. எழுதிய பேனா மட்டும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே என் கோரிக்கை எண்ணிக்கை கூட வேண்டும் என்பது இல்லை. பேனா கைமாற வேண்டும் என்பதே.

இதையெல்லாம் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. கணக்குக் கேட்கும் உரிமை பணம் கொடுப்பதால் வருவதில்லை, விளைவைச் சுமப்பதால் வருகிறது. வீட்டுச் செலவுப் பணம் அப்பாவின் தானம் இல்லை, அதில் அம்மாவின் உழைப்பும் இருந்தது. அதைப் போலவே, வானத்தின் பெரும்பங்கைப் பயன்படுத்தித் தீர்த்தவர்கள் கொடுக்கும் பணமும் தானம் இல்லை. கேட்பவர் தன் நோட்டை முதலில் திறக்க வேண்டும், வரவுப் பக்கத்தோடு. கணக்கில் வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு புரிய வேண்டும், "இந்த வரி தப்பு, இந்த வரி விட்டுப்போச்சு" என்று சொல்ல வழி வேண்டும். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் நம் மொழி இல்லை. நம் நாடு அனுப்பும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருடைய வயலும் அடுப்பும் மாடும் அதில் எண்ணாக இருக்கிறதோ, அவர்களால் அதை வாசிக்க முடியாது. உலகத்துக்கு வெளிப்படையாக இருக்கும் ஒன்று, சொந்த வீட்டில் பூட்டிக் கிடக்கிறது.

அறிக்கைகளால் வெப்பம் குறையப்போவதில்லை, காகிதம் எழுதிக் காலத்தைக் கடத்துகிறார்கள் என்று ஒரு தோழி என்னிடம் கோபப்பட்டாள். அவள் கோபம் நியாயமானது. ஆனால் நான் அவளிடம் சுவிட்சர்லாந்தின் பாட்டிகளைப் பற்றிச் சொன்னேன். காலநிலைக்காகச் சேர்ந்த முதிய பெண்களின் சங்கம் அது. உறுப்பினர்கள் 2,000 பேருக்கு மேல், சராசரி வயது எழுபதைத் தாண்டியது. வெப்ப அலையில் முதலில் சாவது எங்கள் வயதுப் பெண்கள் என்று சொல்லித் தங்கள் அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். உள்நாட்டில் தோற்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2024 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. அரசு அவர்களுடைய உரிமையை மீறியிருக்கிறது என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, நாட்டின் உமிழ்வுக்கு இவ்வளவுதான் எல்லை என்று அரசு கணக்குப் போட்டு வைக்கவில்லை என்பது. தான் வைத்த பழைய இலக்கையே அந்த நாடு எட்டவில்லை என்பதும் பதிவானது. அடுத்த ஆண்டு ஜூலை 23 அன்று, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் தொடங்கிய முயற்சி அது. அரசுகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும்போது வெறும் காகிதமாக இருந்த கணக்கு, கீழே இருந்தவர்கள் கையில் எடுத்ததும் சாட்சியாக மாறிவிட்டது.

என் மாணவிகள் இந்தியாவின் அறிக்கையிலிருந்து நான்கு பக்கத்தைத் தமிழில் எழுதி, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். விடுதிப் பெண் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனாள். அவள் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "இதுல மாடு இருக்கு, நெல்லு இருக்கு, நான் எங்கடின்னு கேட்டாங்க மேடம்."

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடம் காய்கறி வாங்கப் பணம் கொடுப்பேன். மீதிச் சில்லறையும் துண்டுச் சீட்டும் மேசை மேல் வைப்பார். நான் கேட்டுப் பழக்கியதுதான் அது. நோட்டு போடவில்லை என்பதைத் தவிர அப்பாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. போன கோடையில் ஒரு நாள், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையைப் பெருக்கிவிட்டு வெளியே வந்து கேட்டார்:

"உங்க வீட்டுக்குக் கரண்ட் பில்லு எவ்வளவு டீச்சர் வருது?"

அவர் வீட்டில் 100 யூனிட்டைத் தாண்டுவதில்லை, அதனால் பில்லே வருவதில்லை. கூரையில் தகரம். அந்த வெயிலில் அவருடைய மகள் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தாள். நான் முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அதெல்லாம் சார்தான் கட்டுறாரு, எனக்குத் தெரியாதுக்கா." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். நாலு நாள் கழித்து, அவர் கேட்காமலேயே, எண்ணைச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு அவருக்கு நான் கொடுக்கும் சம்பளத்தை விட அது அதிகம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மேசையில் மீதிச் சில்லறையை வைத்தார். சீட்டை வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.